ஆள் தொங்கினால் மட்டும் செல்லுபடியாகும்

கதிரவேலின் ஜீப்புக்குக் கூரை இருந்தது. ஆனால் அது படங்குத் துணி. அதன்மேல் ஒரு தேங்காயை வைத்தால்கூட உள்ளே இருப்பவரின் மடிக்கு வந்துவிடும். நடந்த அத்தனைக்கும் மூலகாரணம் அந்தத் துணிதான் என்று பிற்பாடு ஒரு கோப்பில் எழுதினார்கள். அந்தக் கோப்பில் பாதியளவாவது உண்மையாக இருந்தது அந்த ஒரு வரிதான்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. சம்பூர்ப் பக்கமிருந்து திருகோணமலை நகரத்துக்குப் போவதென்றால் முதலில் ஆறு மைல் மணற்பாதை. நடுவில் சேறும் உப்புத்தண்ணீருமாக ஒரு களப்பு வாய். அதற்கப்பால் புளியடியில் இராணுவத்தின் சோதனைச்சாவடி. அதையும் தாண்டினால் இறங்குதுறை. அங்கிருந்து லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகில் குடாவைக் கடந்தால் நகரம். பஸ் நின்று ஏழு வருஷம். மாட்டுவண்டி களப்பு வாயில் அச்சுவரை புதையும். கதிரவேலின் ஜீப் மட்டும் போகும், ஆனால் சும்மா போகாது. சில்லு புதைந்தால் போட இரண்டு நீளப் பலகை, மண்வெட்டி, ஸ்பெயார் சில்லு, மண்ணெண்ணெய்க் கேன் இரண்டு, எஞ்சினுக்கு ஊற்றத் தண்ணீர்க் கேன் ஒன்று. இத்தனையும் உள்ளே ஏற்றிய பிறகு மிஞ்சிய இடத்தில் நாலு பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கலாம். ஒருவர் படுக்க ஏலாது.

படுக்கவேண்டியவள் கதிரவேலின் மனைவி இரத்தினேஸ்வரி. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்தவள். மூன்றாவது தங்கி ஆறாம் மாதத்தில், ஊர் மருத்துவிச்சி கமலாதேவி அவளை மாதத்துக்கு ஒருதடவை வரும் டொக்டரிடம் காட்டினாள். நச்சுக்கொடி கீழே இறங்கி, பிள்ளை வருகிற வழியை மறித்துக்கொண்டு கிடக்கிறது என்றார் டொக்டர். முப்பத்தேழாம் கிழமையில், அதாவது ஒன்பதாம் மாதத்தில், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வெட்டித்தான் எடுக்கவேண்டும். வீட்டில் பிரசவக் குத்துத் தொடங்கினால் இரத்தத்தை நிற்பாட்ட ஆளில்லை. கமலாதேவி திரும்பி வரும் வழியில் கதிரவேலைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"தம்பி, இருத்திக் கொண்டுபோகக்கூடாது. மெத்தை போட்டு, நீட்டி நிமிர்த்திப் படுத்தபடி. ஒரு குலுக்கல் கூடினாலும் ரெண்டு உயிர்."

முன்கூட்டியே போய் நகரத்தில் உறவுக்காரர் வீட்டில் இருந்திருக்கலாமே என்று கேட்பவர் அந்தக் காலத்தில் அங்கே இருந்திராதவர். சாவடியைக் கடக்க நோயாளிக்குத் தரும் பாஸ் மூன்று நாளைக்குத்தான். அதுவும் வெட்டும் திகதியைக் காட்டினால்தான் தருவார்கள்.

ஆகவே ஜீப்புக்கு ஒரு ஹூட் றாக் வேண்டும் என்று கதிரவேல் முடிவு செய்தான். ஹூட் றாக் என்பது கூரைக்கு மேலே சாமான் ஏற்றுகிற இரும்புத் தட்டு. சில்லும் பலகையும் கேன்களும் மேலே போனால் உள்ளே ஒரு மெத்தை போடலாம். இறங்குதுறைக்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த முஹம்மது தம்பி ஜீப்பைச் சுற்றிவந்து அளந்து, விண்ணப்பத்துக்கு ஒரு படமும் கீறினார். ஆறு தண்ணீர்க் குழாய், சேசிஸில் ஊன்றிய நாலு கால், இருபத்துநாலு போல்ற்.

"அரை நாள் வேலை மச்சான்," என்றார். "கடிதத்தைக் கொண்டு வா."

கடிதம் தரும் இடம் நகரத்தில் கடற்கரையோரமாக இருந்தது. நாற்சில்லு வாகன மேற்கட்டுமானச் சேர்க்கைகளுக்கான சிவில் பாதுகாப்பு ஒருங்கிணைப்புக் குழு என்பது அதன் பெயர். பெயர் நீளமாகவும் கட்டடம் குட்டையாகவும் இருந்ததால் பலகையை இரண்டாக வெட்டி, பாதியை முன்சுவரிலும் மீதியைப் பக்கச்சுவரிலும் அடித்திருந்தார்கள். குழுவின் தலைவர் ஒரு மேஜர். அவருக்குத் தமிழ் தெரியாது. தலைமைக் கிளாக்கர் சோமசேகரத்துக்கு மூன்று பாஷையும் தெரியும். அதனால் மேஜர் பேசும்போது அவர் விளங்கப்படுத்துவார், மேஜர் பேசாமலிருக்கும்போதும் விளங்கப்படுத்துவார். நெற்றியில் மூன்று குறி அழியாத விபூதி, சட்டைப் பையில் மூன்று நிறப் பேனை.

முதல் தடவை போனபோது இரத்தினேஸ்வரிக்கு இருபத்தைந்தாம் கிழமை. றாக்கில் என்ன ஏற்றப்போகிறீர் என்று சோமசேகரம் கேட்டார். கதிரவேல் சில்லிலிருந்து மண்வெட்டிவரை சொன்னான்.

"அது ஏற்றின நேரத்தில. ஏற்றாத நேரத்தில அதில என்ன இருக்கும்?"

"ஒண்டும் இராது ஐயா."

"அதை ஆர் உறுதிப்படுத்துறது?"

சோமசேகரம் இரக்கத்தோடு ஒரு படிவத்தை நீட்டினார். அதன் பெயர் வெறுமைச் சான்றிதழ். கிராம சேவகர் அதில் "மேற்படி றாக்கில் எதுவும் இல்லை என்பதை நான் நேரில் அறிவேன்" என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். றாக்கே இல்லாதபடியால் அந்த வருஷம் அவர் கொடுத்த சான்றிதழ்களில் சந்தேகத்துக்கு இடமில்லாதது அது ஒன்றுதான். ஊரை ஆண்டுகொண்டிருந்த இயக்கத்தின் அலுவலகமும் சளைத்ததல்ல. விண்ணப்பத்தின் பிரதியொன்று தங்களுக்கும் வேண்டும் என்றது; மூலத்தில் தங்கள் முத்திரையும் விழவேண்டும் என்றது; அந்த முத்திரையோடு இராணுவத்தின் பக்கம் போனால் பிடிப்பார்கள் என்றால் அது தங்கள் பொறுப்பல்ல என்றது. கதிரவேல் முத்திரை விழுந்த தாளை வீட்டு முகட்டில் செருகிவைத்துவிட்டு, வேறொரு தாளைத் திரும்ப எழுதினான்.

இரண்டாம் தடவை, இருபத்தொன்பதாம் கிழமை. றாக்கைப் பொருத்திய நிலையில் குழு பார்வையிட்ட பிறகுதான் பொருத்த அனுமதி கொடுக்கலாம் என்று சோமசேகரம் சுற்றறிக்கையை வாசித்தார். அனுமதியில்லாமல் பொருத்தினால் ஜீப்பைப் பறிமுதல் செய்வார்கள் என்று அதே சுற்றறிக்கையின் மறுபக்கம் சொன்னது. இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள்தான் எழுதினாரா என்று கேட்குமளவுக்குக் கதிரவேலுக்குத் துணிவில்லை. அப்படியென்றால் மாதிரி ஒன்று கொண்டுவரட்டுமா என்று கேட்டான். நல்ல யோசனை என்றார் சோமசேகரம்.

அவனும் இரத்தினேஸ்வரியும் இரண்டு நாள் இருந்து தென்னை ஈர்க்கில் ஒரு சாண் நீளத்துக்கு றாக் கட்டினார்கள். அவள் பாயில் சாய்ந்திருந்தபடி நூலால் முடிச்சுப் போட்டாள். புளியடிச் சோதனைச்சாவடியில் அதை ஒரு பகல் முழுக்க மறித்துவைத்து, அளந்து, "இரும்பு கலவாத றாக், ஒன்று" என்று பதிந்து அதற்கெனத் தனியாக ஒரு பாஸ் கொடுத்தார்கள். குழுவில் எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. சோமசேகரம் அதைத் தன் மேசையில் வைத்து மூன்று பேனையையும் அதன்மேல் அடுக்கினார். அந்த மாவட்டத்தில் சட்டப்படி பாரம் ஏற்றிய முதல் றாக் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

மூன்றாம் தடவை, முப்பத்திரண்டாம் கிழமை. கடிதம் தயாராக இருந்தது. கதிரவேல் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றப்போன நேரத்தில் சோமசேகரம் விளங்கப்படுத்தினார். குழாய்க்கு அனுமதி உண்டு. போல்றுக்கு இல்லை. போல்ற் வெடிகுண்டுக்குள் போடுகிற சாமான் என்று பட்டியலில் இருக்கிறது.

"அப்ப எப்பிடி ஐயா பூட்டுறது?"

"பூட்டுறதைப் பற்றி நீர் விண்ணப்பத்தில கேக்கேல்லயே. றாக் வைக்கலாமா எண்டு கேட்டீர். வைக்கலாம்."

போல்றுக்கு மேன்முறையீடு செய்யலாம், பன்னிரண்டு கிழமை எடுக்கும் என்றும் சொன்னார். அந்த அலுவலகத்தில் அதுவரை வாய் திறந்து சொல்லாததை அன்றைக்குக் கதிரவேல் சொன்னான்.

"ஐயா, பெண்சாதிக்கு அஞ்சு கிழமைதான் இருக்கு. படுக்கவைச்சுக் கொண்டுபோகாட்டி செத்துப்போவாள்."

சோமசேகரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குக் கோபமில்லை, மனவருத்தம்தான்.

"தம்பி, இஞ்ச வாற எல்லாரும் எனக்குக் கிழமைக் கணக்குத்தான் சொல்லுகினம். போன மாசம் ஒருத்தர் தகப்பனுக்கு ரெண்டு நாள்தான் எண்டார். நான் மனமிரங்கி உடனை முத்திரை குத்தியிருந்தா என்ன நடந்திருக்கும்? மூண்டாம் நாள் தேவைப்படாத ஒரு அனுமதியைக் குடுத்த பழி எனக்கு வந்திருக்கும். பதினெட்டு வருஷ சேவையில நான் ஒரு அனுமதியையும் வீணாக்கினதில்லை."

அந்நேரம் மேஜர் உள்ளறையிலிருந்து கூப்பிட்டார். மாதாந்த அறிக்கையில் மத வைபவங்கள் என்ற கட்டத்தில் சைபர் விழுந்திருக்கிறதாம். வெளிநாட்டுத் தூதுக்குழு வரப்போகிறதாம். சைபரைக் காட்டினால் மானம் போகுமாம். சோமசேகரம் ஓடிவந்து வரிசையைப் பார்த்தார். சல்லிக் கிராமத்திலிருந்து கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டக் கடிதம் கேட்டுப் பதினேழு நாளாக அலைந்த ஒரு மனிதர் மூலையில் நித்திரையாக இருந்தார். அவரைத் தட்டி எழுப்பி, கதிரையில் இருத்தி, இரும்புக் கம்பமும் வயரும் எத்தனை வேண்டும் என்று கேட்டு, கேட்டதற்கு மேலே இரண்டு போட்டுப் பத்து நிமிஷத்தில் கடிதம் கொடுத்தார். அந்த மனிதர் இன்னும் நித்திரை தெளியாமல் வெளியே போனார். கதிரவேல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

லோஞ்சில் திரும்பி வந்து கரையிறங்கியதும் நேரே சிவகுரு வீட்டுக்குப் போனான். சிவகுரு அம்மன் கோயில் திருவிழாவில் தூக்குக்காவடிக்குச் செடில் குத்துகிறவர். செடில் என்பது கொக்கி. முதுகிலும் தொடையிலும் கொக்கிகளை மாட்டி, வாகனத்தின்மேல் நீட்டிய துலாவில் ஆளைக் குப்புறத் தொங்கவிடுவார்கள். துலாவை வாகனத்தில் எப்படி நிறுத்துவது என்று கதிரவேல் கேட்டான். நாலு காலில் ஒரு இரும்புத் தட்டு, தட்டின்மேல் துலா என்றார் சிவகுரு. முன் முனையில் ஆள் தொங்கினால் துலா சரியாதா என்று கேட்டான்.

"அதுக்குத்தானே பின்னால பாரம் ஏத்துறது," என்றார் சிவகுரு. "கல்லோ, சில்லோ, தண்ணிக் கேனோ, என்னவும் ஏத்தலாம். பாரமில்லாட்டி ஆள் நிலத்தில இடிபடுவான்."

கதிரவேல் அங்கேயே நிலத்தில் குந்திவிட்டான். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்த நாளில் ஊசியைக் கண்டு மயங்கி விழுந்தவன் அவன். முப்பத்தெட்டு வயதுவரை வேலிக் கம்பி கீறினாலும் கண்ணை மூடிக்கொள்கிறவன்.

நான்காம் தடவை கொண்டுபோனது அதே படம்தான். ஆறு குழாய், நாலு கால், இருபத்துநாலு போல்ற். மேலே ஒரு கோடு இழுத்துத் துலா என்றும், பின்முனையில் பாரம் என்றும் எழுதியிருந்தான். ஹூட் றாக் என்றிருந்த இடத்தில் தூக்குக்காவடி என்று இருந்தது. சோமசேகரம் படத்தைப் பார்த்தார், பேனை அடுக்கியிருந்த ஈர்க்கு மாதிரியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"தம்பி, நான் படம் பார்க்கிறவன் இல்லை. தலைப்புப் பார்க்கிறவன். தலைப்பு நல்லாயிருக்கு."

போல்ற் இருபத்துநாலுக்கும் அனுமதி விழுந்தது. எட்டுக் கொக்கி பற்றிக் கதிரவேல் பயந்து பயந்து கேட்டபோது, தோலுக்குள் போகிற இரும்பு தடைசெய்த இரும்பல்ல என்று சோமசேகரம் விளங்கப்படுத்தினார். தொங்கும் ஆளும் வாகனச் சொந்தக்காரரும் ஒருவரே என்றால் இந்தப் படிவமே போதும். வேறொருவர் தொங்குவதானால் அவருக்குத் தனியாக விசாரணை, ஆறு கிழமை. கதிரவேல் தன் பெயரை எழுதினான். எந்தக் கோயிலிலிருந்து எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார். அம்மன் கோயிலிலிருந்து இறங்குதுறைப் பிள்ளையாருக்கு என்றான். அது இறங்குதுறை மரத்தடியில் இருந்த ஒரு சின்னக் கல்.

எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. "பிள்ளையாருக்கு ஆர் காவடி எடுக்கிறது? காவடி அவருடைய தம்பிக்கல்லோ."

"இறங்குதுறையில வேற சாமி இல்லை ஐயா."

சோமசேகரம் தன் நெற்றி விபூதியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதினார். மேஜர் கையொப்பம் வைக்கும்போது "ஒரு தடவை" என்றிருந்ததை வெட்டிவிட்டுத் தன் கையால் "விரும்பிய தடவைகள்" என்று போட்டார். சைபர் பிரச்சினை இனி வராது என்று சிரித்தார். மொத்தம் நாற்பது நிமிஷம். வெளியே வந்துதான் கதிரவேல் ஏழாம் பிரிவை வாசித்தான். இவ்வனுமதி ஆள் தொங்கினால் மட்டும் செல்லுபடியாகும். ஆள் தொங்காத நேரத்தில் மேற்படி கட்டுமானம் ஹூட் றாக் எனக் கருதப்பட்டு வாகனத்தோடு கைப்பற்றப்படும்.

முஹம்மது தம்பி குழாயும் போல்றும் ஏற்றிக்கொண்டு ஊருக்கே வந்து அரை நாளில் வேலையை முடித்தார். ஓட்டுவதற்கும் அவரே வருவதாகச் சொன்னார். அந்த ஜீப்பை ஓட்ட வேறொருவருக்கும் தெரியாது, தொங்குகிறவன் ஓட்டவும் ஏலாது.

முப்பத்தேழாம் கிழமை, செவ்வாய்க்கிழமை காலை. உள்ளே மெத்தையில் இரத்தினேஸ்வரி நீட்டிப் படுத்தாள், பக்கத்தில் கமலாதேவி. கோயில் வாசலில் சிவகுரு கதிரவேலின் முதுகில் விபூதியைப் பூசி, தோலை இழுத்துப் பிடித்தார். முதல் செடில் ஏறியபோது கதிரவேல் அம்மனை நினைக்கவில்லை. இருபத்துநாலு போல்றை ஒவ்வொன்றாக நினைத்தான். எட்டாவது ஏறியபோது வாந்தி எடுத்தான். பிறகு அவனைத் தூக்கி மாட்டினார்கள். பின்முனையில் சில்லு, பலகை, கேன், மண்வெட்டி, எல்லாம் பக்தியோடு கட்டப்பட்டிருந்தன. ஹூட் றாக் விண்ணப்பத்தில் என்ன எழுதியிருந்தானோ அத்தனையும் அங்கே இருந்தது, அவன் மட்டும் கூடுதல்.

மணற்பாதையில் முஹம்மது தம்பி ஜீப்பை நடைவேகத்தில் விட்டார். கதிரவேலுக்குத் தெரிந்ததெல்லாம் கீழே நகரும் மணல். பின்னால் படங்குக்குள் அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க ஏலாது. களப்பு வாயில் இடது சில்லு புதைந்தது. பலகை போடவேண்டும். கூடவே நடந்துவந்த சிவகுரு பின்னால் போய்ப் பலகையை அவிழ்த்தார்; பாரம் குறைந்தது; துலா முன்னுக்குச் சாய்ந்து கதிரவேலின் முகம் சேற்றுத் தண்ணீருக்குள் போயிற்று. சிவகுரு பாய்ந்து துலாவின் பின்முனையில் ஏறிக் குந்தியதும் அவன் மேலே வந்தான். அதற்குப் பிறகு சிவகுரு இறங்கவில்லை. முஹம்மது தம்பி தனியாகப் பலகை போட்டு, சாரத்தை மடித்துக் கட்டி, மண் வெட்டி, ஜீப்பை வெளியே எடுத்தார். உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது. குத்துத் தொடங்கிவிட்டது என்று கமலாதேவி சொன்ன குரல் கதிரவேலின் காதில் விழுந்தது.

புளியடியில் மேஜர் காத்திருந்தார். சோமசேகரமும் வந்திருந்தார். பாஸ் எல்லாம் சரி, அனுமதி சரி, ஆள் தொங்குகிறார், அதுவும் சரி. ஆனால் படம்பிடிப்பவர் நகரத்திலிருந்து இன்னும் வரவில்லை. தூதுக்குழுவுக்கு அனுப்பப் படம் வேண்டும். கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். கமலாதேவி ஜீப்பிலிருந்து இறங்கி, கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு சோமசேகரத்திடம் போனாள். இரத்தம் போகத் தொடங்கிவிட்டது என்று சொன்னாள். சீலைத் தலைப்பையும் காட்டினாள்.

"அம்மா, நோயாளிக்குப் பாஸ் இருக்கு, நான் இல்லையெண்டு சொல்லேல்ல," என்றார் சோமசேகரம். "ஆனால் இந்த வாகனம் இப்ப ஒரு மத வைபவம். வைபவம் முடியாமல் அதை ஆஸ்பத்திரி வாகனமாக்கினா எங்களைத்தான் சமயத்தை மதிக்காத ஆக்கள் எண்டு எழுதுவாங்கள். நானும் ஒரு சைவன். கொஞ்சம் விளங்கிக்கொள்ளுங்கோ."

மேஜர் இதற்கிடையில் சிப்பாய்களை வரிசையாக நிறுத்திப் பேசினார். சோமசேகரம் அதை ஜீப்பைப் பார்த்து மொழிபெயர்த்தார். இந்த நாட்டில் ஒரு மனிதன் தன் விருப்பப்படி தொங்கலாம். அதற்கு நாங்கள் ஒருபோதும் தடையாக இருந்ததில்லை. இவரைத் தொங்கவிட்டவர்கள் நாங்கள் அல்ல. ஆனாலும் இவர் தொங்குவதற்கு வேண்டிய சகல வசதிகளையும் நாங்கள் செய்து கொடுத்தோம்.

கதிரவேலுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. என்ர பெண்சாதி சாகிறாள், விடுங்கோடா என்று கத்தினால் அது காவடிக்காரன் சொல்லும் சொல்லல்ல. ஏழாம் பிரிவு வந்துவிடும். கத்தக்கூடிய சொல் ஒன்றுதான் இருந்தது. அவன் அதைக் கத்தினான்.

"அரோகரா!"

முதுகுத் தோல் எட்டு இடத்தில் இழுபட, வயிற்றிலிருந்து எடுத்துக் கத்தினான். திரும்பவும் கத்தினான். உள்ளேயிருந்து இரத்தினேஸ்வரியும் அதையே கத்தினாள். அவளுக்கும் அலற வேறு சொல் கொடுக்கப்படவில்லை. துலாவின் பின்முனையிலிருந்து சிவகுருவும் கத்தினார். கடைசியில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த முஹம்மது தம்பியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே கத்தினார். மேஜருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படியொரு பக்தியைத் தான் கண்டதில்லை என்று தொப்பியைக் கழற்றினார். நாற்பது நிமிஷத்தில் படம்பிடிப்பவர் வந்து மூன்று படம் எடுத்தார். ஒன்றில் கதிரவேல் கண்ணை மூடிவிட்டான் என்று நாலாவதும் எடுத்தார்.

இறங்குதுறையில் லோஞ்ச் நின்றது. நோயாளிக்கும் உதவிக்கு ஒருவருக்கும்தான் பாஸ், கமலாதேவி போகவேண்டும். ஜீப்புக்குப் பக்கத்தில் ஏழாம் பிரிவின் பிரதியோடு ஒரு சிப்பாய் நின்றான். லோஞ்சுக்காரர் இருவர் இரத்தினேஸ்வரியைப் படங்குக் கட்டிலில் தூக்கினார்கள். வழி ஜீப்புக்கு முன்னால் இருந்தது. துலாவுக்குக் கீழே வந்தபோது அவள் கையைத் தூக்க, தூக்கியவர்கள் நின்றார்கள். அவள் மேலே பார்த்தபடி கிடந்தாள், அவன் கீழே பார்த்தபடி தொங்கினான். இரண்டு முகத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இஞ்சருங்கோ," என்றாள். "நீங்கள் இறங்கேல்லயா?"

"ஏலாது," என்றான் கதிரவேல். "நான் இறங்கினா இது றாக்."

அவன் கண்ணீரும் வேர்வையும் அவள் நெற்றியில் விழுந்தன. அவள் அதைத் துடைக்கவில்லை. தூக்கிக்கொண்டு போனார்கள். லோஞ்ச் புறப்பட்ட சத்தத்தை அவன் கேட்டான், பார்க்கவில்லை. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார்கள். திரும்பிப் போகும்போதும் சோதனைச்சாவடி இருந்தது, ஆகையால் திரும்பிப் போகும்போதும் தொங்கினான்.

நாலாம் நாள் லோஞ்சுக்காரர் கையில் கமலாதேவியின் துண்டுக் கடிதம் வந்தது. பெண் பிள்ளை. தாய்க்கு நாலு போத்தல் இரத்தம் ஏற்றினது. இருவரும் தப்பினர். கதிரவேல் நிமிர்ந்து படுக்க ஏலாமல் குப்புறக் கிடந்தபடி அதை வாசித்து, பாயில் முகத்தை வைத்து அழுதான்.

பிள்ளை வீட்டுக்கு வந்து ஆறாம் கிழமையில் குழுவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மூன்றாம் தடவை போனபோதே கதிரவேல் எழுதிக் கொடுத்திருந்த போல்ற் மேன்முறையீட்டுக்குப் பதில். உமது வாகனத்தில் ஏற்கெனவே மேற்கட்டுமானம் ஒன்று இருப்பதாலும், அது சிறப்பாக இயங்குவதாலும், ஹூட் றாக் தேவைப்படாது எனக் குழு ஏகமனதாக முடிவு செய்கிறது. இப்படிக்கு சோமசேகரம். அடியில் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: உமது படம் மேஜரின் அறையில் மாட்டப்பட்டுள்ளது, பெருமைப்படவும்.

படுத்தபடி ஒருவரைக் கொண்டுபோகக்கூடிய வாகனம் ஊரில் இருக்கிறது என்ற கதை அதற்குள் பரவிவிட்டது. முதலில் கனகம்மாவின் இடுப்பு முறிந்தது. பிறகு ஷெல் துண்டு பட்ட ஒரு மீன்காரர். பிறகு வயிற்று வலியில் ஒரு வாத்தியார். அனுமதி கதிரவேலின் பெயரில் மட்டும் இருந்தது. மறுக்கவும் ஏலாது, அவர்கள் வாசலில் வந்து நின்று அவன் முதுகைப் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்ப்பார்கள். அவன் போனான். மேஜரின் மாதாந்த அறிக்கையில் மத வைபவங்கள் நாலு, ஐந்து என்று ஏறின. பிரதேசத்தில் வன்முறை குறைந்து பக்தி பெருகுவதாகவும், இதைப் பார்த்து மற்றப் பகுதி மக்களும் தொங்க முன்வரவேண்டும் என்றும் அதில் இருந்ததாகச் சொன்னார்கள்.

பிள்ளைக்கு மூன்று மாதம் ஆன ஒரு காலை, தம்பிராசா ஓடிவந்தார். அடுத்த வளவுக்காரர். அவருடைய மனைவி நல்லம்மாவுக்கு மூச்சு எடுக்க ஏலவில்லை, நெஞ்சு இரைகிறது. அவர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரத்தினேஸ்வரி பிள்ளையைத் தோளில் மாற்றிக்கொண்டு எழும்பிவந்து கையை நீட்டினாள். கதிரவேல் சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். அவள் அதை மடித்துக் கதிரையில் வைத்தாள்.

கோயில் வாசலில் சிவகுரு செடிலைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முதுகை வெகுநேரம் பார்த்தார். தோளிலிருந்து இடுப்புவரை விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்தது, காயாதது, சீழ் வைத்தது என்று எல்லாமாகக் கிடந்தன.

"தம்பி, குத்த இடமில்லை," என்றார். "எங்க குத்துறது?"

கதிரவேல் ஜீப்புக்கு மேலே இருந்த இரும்பைப் பார்த்தான்.

"பழைய ஓட்டையிலயே குத்துங்கோ அண்ணை," என்றான். "அதுக்கு அனுமதி இருக்கு."